மலையகத்தில் மீட்டெடுத்த பழைய ஹூட் காரை விற்பது: முழுமையான வழிகாட்டி

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கங்களில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனர் டூரர், எம்.ஜி., ட்ரையம்ப் ஹெரல்ட் போன்ற மடக்குக் கூரைக் கார்கள் பலவற்றுக்குத் தோட்டங்களோடு தொடர்புண்டு. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோது, எஞ்சியிருந்த வெள்ளைத் துரைமாரும் ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய கார்கள் பெரிய கிளாக்கர், டீமேக்கர், டவுன் கடை முதலாளி என்று கைமாறி, சில நன்றாகப் பேணப்பட்டும், பல கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் மூடிக் கிடந்தும் இன்றைய தலைமுறையை வந்தடைந்தன. அவற்றில் ஒன்றைப் பல வருடங்கள் செலவழித்து மீட்டெடுத்தவர் அதை விற்க முற்படும்போது, சாதாரணக் காரை விற்பதற்குரிய வழிகள் போதா. கார் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அது சொல்லப்படும் கார்தான் என்பதற்குரிய சான்று எவ்வளவு உறுதியோ அவ்வளவுக்கே அதன் விலை நிற்கும். ஆகவே இந்த வழிகாட்டி காரைத் துடைப்பதிலிருந்து தொடங்காமல் கடதாசிகளிலிருந்து தொடங்குகிறது.

முதற்படி: புக்கைச் சரிசெய்தல்

விளம்பரம் போடுவதற்குக் குறைந்தது சில மாதங்களுக்கு முன்பே பதிவுச் சான்றிதழை, அதாவது நாம் புக் என்றும் சீஆர் என்றும் சொல்வதை, கையில் எடுத்து ஒவ்வொரு வரியாகக் காரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், நிறம், பொடி (காரின் உடற்பகுதி) வகை, தயாரிப்பு ஆண்டு ஆகிய ஐந்தும் காரில் உள்ளபடியே இருக்க வேண்டும். மீட்டெடுத்த கார்களில் பெரும்பாலும் பிசகுவது எஞ்சின் இலக்கமும் நிறமும்தான். 1970களிலும் 1980களிலும் உதிரிப்பாகம் கிடைக்காத காரணத்தால் பழைய ஆங்கிலேயக் கார்களுக்கு ஜப்பானிய எஞ்சின் பூட்டுவது வழக்கமாக இருந்தது. பின்னர் வந்தவர் தேடிப் பிடித்து மீண்டும் அசல் வகை எஞ்சினைப் பூட்டியிருப்பார். புக்கிலோ இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓர் இலக்கம் நின்றுவிட்டிருக்கும். இந்த மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுசெய்யாமல் காரை விற்க முயல்வது வீண். விவரமறிந்த வாங்குநர் பொனட்டைத் திறந்து இலக்கத்தைப் பார்த்தவுடனேயே பேச்சை முடித்துக்கொள்வார். விவரமறியாதவர் வாங்கிச் சென்று பெயர் மாற்றப் போகும் நாளில் உங்கள் வாசலில் வந்து நிற்பார்.

இரண்டாவது சிக்கல் பெயர். மலையகத்தில் பல கார்கள் இன்னும் காலஞ்சென்ற தகப்பனாரின் பெயரில் இருக்கின்றன. பிள்ளைகள் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள் என்பது குடும்பத்துக்குப் போதும், திணைக்களத்துக்குப் போதாது. மரணச் சான்றிதழும் உரித்தாளிகளின் சம்மதமும் தொடர்பான ஆவணங்களைக் கொடுத்து முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்ட பின்னரே விற்பனையைத் தொடங்குங்கள். அதே புக்கில் எப்போதோ கடன் கொடுத்த ஒரு வங்கியின் அல்லது நிதிக் கம்பனியின் பெயர் முழு உரித்தாளராக நின்றுகொண்டிருந்தால், கடன் முப்பது வருடங்களுக்கு முன் தீர்ந்திருந்தாலும், விடுவிப்புக் கடிதம் பெற்று அந்தப் பெயரை நீக்க வேண்டும். அந்தக் கம்பனி வேறொன்றோடு இணைந்தோ மூடப்பட்டோ இருந்தால் இது காலமெடுக்கும் வேலை. புக்கே தொலைந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியோடு இணைப்பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஓபன் பேப்பர் வழக்கத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். திகதியிடாத மாற்றப் படிவங்களில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, கார் நாலு கை மாறும்வரை பெயர் மாற்றாமல் விடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். அந்தக் கார் எங்காவது ஒருவரை இடித்தால் பொலிஸார் முதலில் தேடி வருவது புக்கில் உள்ள பெயரைத்தான். ஓபன் பேப்பரில் விற்கவும் கூடாது, நீங்களே ஓபன் பேப்பரில் வைத்திருக்கும் காரை அப்படியே தள்ளிவிடவும் கூடாது.

இரண்டாம் படி: கார் எது என்பதை நிறுவுதல்

தொழிற்சாலையிலேயே திறந்த காராகச் செய்யப்பட்டதா, பிற்காலத்தில் சலூன் காரின் கூரையை வெட்டி எடுத்ததா என்பதே மடக்குக் கூரைக் காரின் விலையை வேறெதையும்விட அதிகமாகத் தீர்மானிக்கும் கேள்வி. மொரிஸ் மைனரில் இந்த வெட்டு வேலை உலகெங்கும் நடந்திருக்கிறது, காரணம் சலூன் ஏராளம், டூரர் குறைவு. மைனர் 1948 இல் வெளிவந்தபோதே டூரரும் உடன் வந்தது; டூரரின் உற்பத்தி 1969 இல் நின்றது. எஞ்சின் தொடக்கத்தில் 918 சீசீ, பின்பு 803, 1956 இலிருந்து 948, 1962 இலிருந்து 1098 என்று மாறியது. ஆகவே 1950 ஆம் ஆண்டுப் பதிவுள்ள காரில் 1098 எஞ்சின் இருந்தால் அது பிற்கால மாற்றம் என்பது தெளிவு. அது குற்றமன்று, ஓட்டுவதற்கு அதுவே வசதியும்கூட. ஆனால் விளம்பரத்தில் அதைச் சொல்லியாக வேண்டும்.

1950களின் இறுதிக்குப் பிந்திய மைனர் டூரர்களின் செசி இலக்கம் எம், ஏ, டி ஆகிய ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். இறுதி எழுத்தான டி டூரரைக் குறிக்கிறது. அதோடு, கூரை இல்லாத பொடி முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காகத் தொழிற்சாலை கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் சில் என்ற சட்டத்துக்குள் கூடுதல் தகடும், கதவுத் தூண்களில் வலுவூட்டும் தகடுகளும் வைத்தது. காரை உயர்த்தி, இந்த இடங்களைத் தெளிவாகப் படமெடுத்து வையுங்கள். உங்களுடையது சலூனிலிருந்து மாற்றிய கார் என்றால் அப்படியே சொல்லுங்கள். வலுவூட்டல் எப்படிச் செய்யப்பட்டது என்பதைக் காட்டுங்கள். புக்கில் பொடி வகை மாற்றம் பதிவாகியிருப்பதை உறுதிசெய்யுங்கள். நன்றாகச் செய்த மாற்றுக் காருக்கும் வாங்க ஆளுண்டு. பொய் சொல்லி விற்ற காருக்குப் பின்னால் வழக்கு வரும்.

பழைய இலக்கத் தகடும் ஒரு சான்றே. ஆங்கில எழுத்துத் தொடர்களுக்குப் பதிலாக சிங்கள ஸ்ரீ எழுத்துத் தகடு 1950களின் பிற்பகுதியில் வந்தது. அந்த எழுத்தைத் தமிழர் எதிர்த்ததும், அந்த எதிர்ப்பு மலையகத்தையும் எட்டியதும் நம் பெரியவர்கள் மறக்காத வரலாறு. அதற்கு முந்திய தொடர் இலக்கத்தைக் கொண்ட கார் அதற்கு முன்பே நாட்டில் பதிவானது என்பதால், தகட்டையும் புக்கையும் சேர்த்துக் காட்டுவது காரின் வயதுக்கு நல்ல ஆதாரம்.

மூன்றாம் படி: கோப்பு

மீட்டெடுப்பு வேலையின் போது எடுத்த படங்கள் அனைத்தையும் திகதி வரிசையில் அடுக்குங்கள். பெயின்ட் அடித்து முடித்த காரைப் பார்த்து உள்ளே துரு இருக்கிறதா, பள்ளம் நிரப்பப் பூசும் பட்டி எத்தனை அங்குலம் என்று எவராலும் சொல்ல முடியாது. தரைத் தகட்டை வெட்டி எடுத்த நிலையில், புதுத் தகடு வெல்ட் செய்த நிலையில், பிரைமர் அடித்த நிலையில் என்று மூன்று படங்கள் இருந்தால், டிங்கர் பாஸின் கை எப்படிப்பட்டது என்பது தெரிந்துவிடும். அசல் பாகங்களை வாங்கிய பற்றுச்சீட்டுகள், எஞ்சின் திறந்தபோது சிலிண்டர் எவ்வளவு போர் செய்யப்பட்டது, அதாவது குடைந்து அகலமாக்கப்பட்டது, என்ற லேத் கடைக் குறிப்பு, குஷன் வேலைக்கு எடுத்த துணியின் மாதிரித் துண்டு, பழைய வருமான அனுமதிப்பத்திரங்கள், முன்னைய உரிமையாளரோடு கார் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஆகியவற்றையும் அதே கோப்பில் வையுங்கள். தோட்டத்துக் கார் என்றால் எந்தத் தோட்டம், யார் ஓட்டினார் என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். வாய்வழிக் கதையை வாய்வழிக் கதை என்றே சொல்லுங்கள்.

(மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி: 1990களில் இந்தக் காரின் தகடுப் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போயின. அந்தப் பாகங்களைப் பூட்டிய கார் என்றால் கோப்பில் அதைக் குறிப்பிடலாம்.)

நான்காம் படி: காரை மலைக்கும் கீழ்நாட்டுக்கும் தயார்படுத்தல்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் காற்றோடு பெற்றோலைக் கலக்கும் எஸ்.யூ. கார்புரேட்டரில் பெற்றோல் மிகுந்து கலவை தடித்துவிடும். ஆகவே இங்குள்ள மெக்கானிக், பெற்றோல் வரும் சிறு குழாயான ஜெட்டின் கீழுள்ள நட்டைச் சற்று மேலேற்றிக் கலவையை மெலிதாக்கியிருப்பார். அதே காரைக் கொழும்புக்காரர் வாங்கி இறக்கிச் சென்றால் கலவை அளவுக்கு மிஞ்சி மெலிந்து, எஞ்சின் சூடேறி, கார்புரேட்டரில் வெடிக்கத் தொடங்கும். கார் கெட்டுவிட்டது என்று அவர் நினைப்பார். இதை முன்கூட்டியே சொல்வதோடு, நட்டு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். அழுத்த மூடி இல்லாத அல்லது குறைந்த அழுத்த மூடியுள்ள பழைய ரேடியேட்டர் ரம்பொடை ஏற்றத்தில் கொதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பேன் பெல்ட்டை மாற்றி, பார்க்க வருபவர் முன்னால் ஒரு நீண்ட ஏற்றத்தை இடைநிறுத்தாமல் ஏறிக் காட்டுங்கள். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியைவிடவோ, கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும் வீதியைவிடவோ நல்ல சாட்சி இல்லை.

டிரம் பிரேக் கார்கள் இறக்கத்தில் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் சூ, வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், பிரேக் எண்ணெய் அனைத்தையும் விற்பனைக்கு முன் பார்த்துவிட வேண்டும், இதில் சிக்கனம் கூடவே கூடாது. மைனரின் முன்சில்லுகளைத் தாங்கும் கீழ் ட்ரனியன் என்ற மூட்டுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காவிட்டால் அது தேய்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லு மடிந்துவிடும். விவரமறிந்த வாங்குநர் முதலில் குனிந்து பார்க்கும் இடங்களில் அது ஒன்று.

இனி ஹூட். மலையகத்து ஈரம் இதற்குத்தான் பெரும் எதிரி. ஈரத்தோடு மடித்து வைத்த ஹூட்டில் இரண்டே கிழமையில் பூஞ்சணம் கரும்புள்ளியாகப் பிடித்துவிடும். துணி ஹூட் என்றால் அந்தக் கறை போகவே போகாது. வெயில் விழும் நாளில் விரித்து, முழுமையாகக் காயவிட்டு, சட்டத்தின் மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, பின் கண்ணாடியாக இருக்கும் பிளாஸ்டிக் மஞ்சளடித்து வெடித்திருந்தால் குஷன் பாஸிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள். குளிர்காலைப் பொழுதில் அந்தப் பிளாஸ்டிக்கை மடிக்க வேண்டாம், அப்போதுதான் அது கீறும். பிறகு ஹூட்டைப் பூட்டி, தண்ணீர்க் குழாயைப் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். முன் கண்ணாடிச் சட்டத்தின் இரு மூலைகளிலும் சில சொட்டுகள் வருவது இந்த வகைக் கார்களின் இயல்பு. கால் விரிப்புக்குக் கீழே தண்ணீர் தேங்குவது இயல்பன்று, அது அடித்தட்டைத் தின்றுவிடும்.

ஐந்தாம் படி: விலை

செலவுக் கணக்கைக் கூட்டி, அதன் மேல் இலாபம் வைத்து விலை சொல்வது பெரும்பாலானோரின் முதல் எண்ணம். அது எடுபடாது. மீட்டெடுப்புக்குப் போட்ட பணம் முழுவதும் விலையாகத் திரும்பும் கார்கள் மிகச் சில. விளம்பரத் தளங்களில் காணும் தொகை கேட்கும் விலையே தவிர, விற்ற விலை அன்று. ஒரே கார் பல மாதங்களாக அதே தொகையில் நிற்கிறதென்றால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதே பொருள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட வருடங்களில் ஓடக்கூடிய எல்லாக் காருக்கும் விலை ஏறியிருந்தது, ஆகவே அக்காலத்து விலையை இன்றைய அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். 1904 இல் தொடங்கிய இலங்கை ஆட்டோமொபைல் சங்கம் போன்ற ஒன்றிடமிருந்து மதிப்பீட்டு அறிக்கை பெறுவது நல்லது. வாங்குநருக்கு அது காப்புறுதி செய்யவும் உதவும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது கேட்டால் ஒன்றைக் கவனியுங்கள். 1945 ஆம் ஆண்டுக்கு முன் இலங்கையில் முதன்முதலாகப் பதிவான பயணிகள் கார்களை ஏற்றுமதி செய்வதற்கு இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதி கிடைக்கும் முன் முற்பணம் வாங்கிக்கொண்டு நாள் குறிக்க வேண்டாம்.

ஆறாம் படி: காலமும் விளம்பரமும்

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை காட்டுவதற்கு உகந்த காலம்; மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஹூட்டைத் திறக்கவே நாள் கிடைக்காது. பண்டாரவளை, பதுளைப் பக்கமோ இதற்கு மாறானது, அங்கே ஜூன் முதல் செப்டெம்பர் வரை வெயில் காயும். ஏப்ரல் வசந்தகாலத்தில் கொழும்பிலிருந்து கார்ப் பிரியர்கள் நுவரெலியாவுக்கு வருவது இன்னொரு வாய்ப்பு. 1934 இல் தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயமும் அந்தக் காலத்தையே ஒட்டி நடக்கிறது. நாட்டில் பழைய கார் உரிமையாளர்களுக்கான கழகங்கள் உண்டு. அவற்றின் உறுப்பினர் ஒருவர் மூலம் செய்தி பரவுவது நூறு விளம்பரங்களுக்குச் சமம். தரகரை நாடினால் தரகு எவ்வளவு, யார் கொடுப்பது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

படங்களைக் காலை வேளையிலேயே எடுத்துவிடுங்கள், பிற்பகலில் மிஸ்ட் இறங்கிவிடும். ஹூட் திறந்தும் மூடியும், கதவு இடைவெளிகள், டாஷ்போர்ட், எஞ்சின், அடிப்பக்கம் என்று எல்லாம் இருக்க வேண்டும். குறைகளையும் படமெடுங்கள். செசி இலக்கத்தை முழுமையாகப் பொதுவில் போட வேண்டாம், நேரில் வருபவருக்குக் காட்டினால் போதும்.

ஏழாம் படி: பார்க்க வருபவர்

நல்ல வாங்குநர் ஒரு சிறு காந்தத்தோடு வருவார். மட்கார்டின் கீழ்விளிம்பு, சில், முன் விளக்கைச் சுற்றிய இடம் என்று அவர் காந்தத்தை வைத்துக்கொண்டே போகும்போது, அது ஒட்டாமல் நழுவும் இடத்தில் பட்டி தடித்திருக்கிறது. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஐயா, கதவைத் திறந்து வச்சிட்டு ஜாக்கி போட்டுப் பாக்கலாமா?” என்று கேட்டால், “போடுங்க தம்பி” என்று உடனே சொல்லுங்கள். சில் சட்டத்தின் ஜாக்கிப் புள்ளியில் காரைத் தூக்கிய நிலையில் கதவு முன்போலவே சத்தமில்லாமல் மூடினால் பொடி உறுதியானது. கதவின் நாக்கு பூட்டுத் தகட்டின் மேல் இடித்து நின்றால் பொடி வளைகிறது. திறந்த காருக்கு இதைவிடச் சுருக்கமான பரீட்சை இல்லை. ஆகவே விளம்பரத்துக்கு முன் நீங்களே இதைச் செய்து பார்த்திருக்க வேண்டும்.

எஞ்சின் குளிர்ந்த நிலையில் இருக்கும்போதே அவரை வரச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சின் சந்தேகத்தை விதைக்கும். ஓட்டிப் பார்ப்பதற்கு முன் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், வருபவரின் சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றைப் பாருங்கள். முதலில் நீங்கள் ஓட்டுங்கள், பிறகு மட்டமான வீதியில் அவரிடம் கொடுங்கள். கீழ்நாட்டுச் சாரதிகள் பலர் இறக்கத்தில் கியரை விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வருவார்கள். எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். விபத்துகளுக்குப் பெயர்போன நானுஓயா–ரதல்ல குறுக்கு வீதி இறக்கத்துக்கு இந்தக் காரைக் கொண்டுபோகவே வேண்டாம்.

எட்டாம் படி: பணமும் பெயர் மாற்றமும்

விலை படிந்ததும் முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதுங்கள். மீதி எப்போது, எத்தனை நாளுக்குள் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதில் இருக்கட்டும். மீதிப் பணத்தை வங்கி வழியாகவே பெறுங்கள். காசோலை என்றால், பணம் உங்கள் கணக்கில் சேர்ந்ததை வங்கியே உறுதிசெய்யும்வரை சாவி கைமாறக் கூடாது. கைபேசியில் காட்டும் பண மாற்றப் படத்தை நம்பவும் கூடாது. விற்பனை உடன்படிக்கையில் இரு தரப்பினரின் அடையாள அட்டை இலக்கம், செசி, எஞ்சின் இலக்கங்கள், மைல் கணக்கு, கைமாறிய திகதியும் நேரமும், சொல்லிக் காட்டிய குறைகள் ஆகியவற்றை எழுதி இரண்டு சாட்சிகளோடு கையொப்பமிடுங்கள். நேரத்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று மாலை விபத்து நேர்ந்தால் அப்போது கார் யாரிடம் இருந்தது என்ற கேள்விக்கு அந்தத் தாளே பதில்.

பெயர் மாற்றத்துக்குரிய எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களைத் திகதியோடு முழுமையாக நிரப்பி, இயன்றால் இருவரும் சேர்ந்தே திணைக்களத்துக்குப் போய்க் கொடுங்கள். ஹட்டனிலிருந்து நாரஹேன்பிட்டிக்கு ஒரு நாள் பயணம்தான், ஆனாலும் அந்த ஒரு நாளைச் செலவழிப்பது முற்றிலும் தகும். ஒப்படைத்த படிவங்களின் பிரதிகளையும் ஏற்புச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பெயர் மாறிய பின் உங்கள் பெயரிலுள்ள காப்புறுதியை நிறுத்துங்கள்.

ஒன்பதாம் படி: ஒப்படைத்தல்

காரோடு சேர்ந்து போக வேண்டியவை பல: பக்கத் திரைகள், ஹூட் உறை, ஜாக்கி, ஸ்டார்ட் கைபிடி, கழற்றி வைத்த அசல் பாகங்கள், கோப்பு. பாகங்களைப் பிறகு அனுப்புகிறேன் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்கே ஏற்றிவிடுங்கள். 1960களின் நடுப்பகுதிக்கு முந்திய ஆங்கிலேயக் கார்களில் பட்டரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியோடு இணைக்கப்பட்டிருக்கும். இதை அறியாத ஓர் எலக்ட்ரீஷியன் ரேடியோவைப் பூட்டினாலோ வேறு காரிலிருந்து வயரைக் கொடுத்தாலோ கருகிவிடும். பட்டரிக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டி, நேரிலும் ஒருமுறை காட்டுங்கள்.

புதிய உரிமையாளர் கொழும்புக்கே ஓட்டிச் செல்ல விரும்பினால், விடிந்தவுடன் புறப்பட்டு, இடையிடையே நின்று பிரேக் டிரம்மைத் தொடாமல் அருகில் கையை வைத்து வெக்கை பார்த்து இறங்கச் சொல்லுங்கள். மலைப் பாதைக்குப் பழக்கமில்லாதவர் என்றால் தட்டு லொறியில் ஏற்றி அனுப்புவதே நல்லது. கீழே போய்ச் சேர்ந்ததும் எஸ்.யூ. கார்புரேட்டரின் ஜெட் நட்டை ஒரு நேரத்தில் ஒரு முகம் அளவுக்கு மட்டும் கீழ்நோக்கித் திருப்பி, பிளக்கின் நிறம் இளம் பழுப்புக்கு வரும்வரை பார்க்குமாறு அவருடைய மெக்கானிக்குக்குக் குறிப்பு எழுதிக் கோப்பின் முதல் தாளாக வையுங்கள்.